படுக்கையறைக் கந்தோர்

1

சென்ற திங்கட்கிழமை எனக்கு ஒரு படிவம் வந்தது. படிவம் வருவது எனக்குப் புதினமல்ல. நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விட்டால் சனங்கள் வானத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிற ஒரு நகரத்தில், நகரசபையில் வேலை செய்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போடவும் கூரையை உயர்த்தவும் அனுமதி கேட்பவர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. பத்தொன்பது வருடமாகப் படிவங்களோடு மல்லுக்கட்டி வருகிறேன். ஆனால் இந்தப் படிவம் என்னைப் பற்றியது.

பெருந்தொற்று வந்தபோது எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு கிழமைக்கு என்றுதான் சொன்னார்கள். நோய் அடங்கியதும் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. முதலில் கட்டுப்பாடு இருக்கிறது என்றேன். பிறகு முதுகு நோ என்றேன். பிறகு வீட்டிலிருந்தால் வேலை கூடுதலாக நடக்கிறது என்றேன். இப்போது புதிய விதி ஒன்று வந்திருக்கிறது. தொடர்ந்து வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிறவர்கள் பன்னிரண்டு கேள்விகளுக்கு ஆம் அல்லது இல்லை என்று அடையாளமிட வேண்டும்.

மேசையின் உயரம் சரியா? ஆம். கதிரைக்கு முதுகு உண்டா? ஆம். யன்னல் வெளிச்சம்? ஆம். ஒன்பதாவது கேள்வியில் நின்றுவிட்டேன். 'உங்கள் வீட்டில் வேலைக்கும் குடும்ப வாழ்க்கைக்கும் இடையில் தெளிவான எல்லை இருக்கிறதா?'

இரண்டு மாதத்துக்கு முன்னர் இது வந்திருந்தால் ஆம் என்று போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போயிருப்பேன். இடையில் அப்பாவின் ஐந்தாவது ஆண்டுத் திவசத்துக்கு எங்கள் ஊரான கொழும்புத்துறைக்குப் போய் வந்துவிட்டேன். அங்கே நடந்ததை எழுதாமல் இந்தக் கட்டத்தில் என்னால் எந்த அடையாளமும் போட முடியாது. எழுதினால் ஊரில் பலர் வாசிப்பீர்கள், என்னைத் தெரிந்தவர்களும் வாசிப்பீர்கள். வாசியுங்கள்.

2

என் கந்தோர் எங்கள் படுக்கையறையில் இருக்கிறது. கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவில் ஒரு மேசை, அதன்மேல் வேலைக் கணினி, பக்கத்தில் சொந்த மடிக்கணினி. எனக்கு மேலே இஸ்திரி போட்ட சேட்டு, கீழே சாரம். தொடக்கத்தில் இது பெரிய விடுதலையாகத்தான் தெரிந்தது. கூட்டம் நடக்கும்போதே குசினியில் பருப்பு அவிந்தது. தங்கச்சியோடு கதைக்கும்போதே மூன்று மின்னஞ்சலுக்குப் பதில் போனது. ஒரு நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிற வித்தை கைவந்துவிட்டது என்று எனக்குள் ஒரு மிதப்பு.

யாராவது அறைக்கதவைத் திறந்தால் திரும்பிப் பார்க்காமலே இடக்கையை உயர்த்துவேன். உள்ளங்கை சொல்லும்: பொறு. வலக்கை மவுஸில் இருக்கும். மகள் ஆரணிக்கு அப்போது பதினொரு வயது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "அப்பாக்கு ரெண்டு கையும் வேலை செய்யுது. ஒரு கை கந்தோருக்கு, மற்றக் கை எங்களைப் பொறு எண்டு சொல்ல." நான் சிரித்தேன். நல்ல பகிடி என்று நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

என் மனைவி மஞ்சுவுக்கு இந்த வசதி இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை, அங்கே கிடப்பவர்களை வீட்டிலிருந்து துடைக்க முடியாது. ஒவ்வொரு நாளும் போனாள். வந்ததும் நேரே மேலே வரமாட்டாள். நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் உடுப்பைக் கழற்றிப் போட்டு, முழுகி, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டுதான் எங்கள் முகத்தில் முழிப்பாள். கிருமிக்காகச் செய்தாள். ஆனால் ஏறி வரும்போது வேலையைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருப்பாள். அதைப் பார்க்கும்போது எனக்கு யாரோ ஞாபகத்துக்கு வந்தார்கள். யாரென்று யோசிக்க நேரம் இருக்கவில்லை, எனக்குக் கூட்டம் இருந்தது.

அது அப்பா. அப்பா சாவகச்சேரி நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். விடிய ஏழு மணிக்கு சைக்கிளில் பஸ் நிலையம், அங்கிருந்து ஏ9 வீதியில் பஸ். பின்னேரம் திரும்பினால் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு நேரே கிணற்றடிக்குப் போவார். முகம் கழுவி, கால் கழுவி, கொடியில் கிடக்கிற சாரத்தை உடுத்து, அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். கந்தோர்க் கதை ஒரு சொல் வராது. ஊரில் பாதிப் பேருடைய காணி வழக்கும் புருஷனிடம் செலவு கேட்கிற தாபரிப்பு வழக்கும் அவருடைய கையால் போனவை. நாங்கள் ஒன்றையும் அவர் வாயால் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடிகாமத்திலிருந்து ஒருவர் வழக்கொன்றின் தவணை கேட்க வந்திருந்தார். வெய்யிலில் சைக்கிள் உழக்கி வந்த மனிதர். அப்பா அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார், கத்தரித் தோட்டம் எப்படி என்று விசாரித்தார். அவர் வழக்கைப் பற்றி வாயெடுத்ததும், "திங்கட்கிழமை கந்தோருக்கு வாங்கோ அண்ணை. இது வீடு" என்றார். அந்த மனிதர் முகம் கறுத்துப்போய் எழும்பினார். எனக்கு அப்போது பதினாலு வயது. என் தகப்பன் இப்படி ஒரு கல்நெஞ்சனா என்று வெட்கப்பட்டேன். வெட்கப்படுவதற்குச் சரியான ஆள் யாரென்று தெரிய எனக்கு இன்னும் முப்பத்தைந்து வருடம் தேவைப்பட்டது.

3

அப்பா இறந்தது பெருந்தொற்றின் இரண்டாவது வருடம். தொற்று அல்ல, மாரடைப்பு. விடிய முகம் கழுவப் போனவர் கிணற்றடியிலேயே சரிந்துவிட்டார். அம்மா காலமாகி அப்போது எட்டு வருடம். தங்கச்சி சுகந்தியும் அவளுடைய புருஷன் சிவமும்தான் அப்பாவோடு இருந்தவர்கள். "அண்ணை, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்று தொலைபேசியில் சொல்லும்போது சுகந்தியின் குரல் காய்ந்திருந்தது. எனக்குப் போக வழி இல்லை. விமானங்கள் நின்றிருந்தன, போனாலும் அடைத்து வைப்பார்கள். செத்தவீட்டுக்கே கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் அனுமதி. மகன் வைக்க வேண்டிய கொள்ளியை மருமகன் சிவம் வைப்பதென்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்தில் செத்தவீடென்றால் ஐயருக்குச் சொல்லும்போதே வீடியோக்காரருக்கும் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் வெளிநாடுகளிலிருந்து நேரலையில் பார்க்க வேண்டுமே. சுகந்தி இன்னொன்றும் செய்தாள். பெட்டியின் தலைமாட்டில் வீட்டுத் தொலைக்காட்சியை வைத்து, அதில் என் முகம் தெரியும்படி செய்தாள். "அப்பான்ரை தலைமாட்டிலை நீங்கள் நிக்க வேணும் அண்ணை. முகத்தை மட்டும் காட்டுங்கோ, காணும்" என்றாள்.

இந்த நாட்டில் தாய் தகப்பன் இறந்தால் சம்பளத்தோடு லீவு தருவார்கள். இரண்டு வரி எழுதினால் போதும். நான் எழுதவில்லை. ஏன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். கந்தோருக்குப் போகிற காலமாக இருந்திருந்தால் இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லியே ஆகவேண்டும். இப்போதுதான் போகவே தேவையில்லையே, வீட்டில்தானே இருக்கிறேன், இரண்டையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். பெருந்தொற்றுக் காலம் முழுக்க ஒருநாளும் லீவு எடுக்காதவன் என்ற பெருமையும் உள்ளே கிடந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் காறித் துப்பலாம் போல இருக்கிறது.

காலை பத்து மணிக்கு எங்கள் பிரிவின் வாராந்தக் கூட்டம். ஊரில் அப்போது பின்னேரம் ஒன்றரை. வேலைக் கணினியில் கூட்டம். அதில் என் முகத்தை மறைத்துவிட்டேன், ஒலியை மட்டும் காதில் மாட்டியிருந்தேன். மடிக்கணினியில் செத்தவீடு, அதில் என் முகம் தெரிந்தது, குரலை நிறுத்தி வைத்திருந்தேன். அப்பப்பாவைப் பார்க்க வா என்று நான் கூப்பிட்டதால் ஆரணி பின்னால் கட்டிலில் இருந்தாள். அவளுக்கு இரண்டு திரையும் தெரியும்.

சிவம் குனிந்து அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டார். சுகந்தி ஒரு கம்பத்தைப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் யாரோ ஒரு பகிடி விட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சின்னச் சிரிப்பல்ல. வயிற்றிலிருந்து வந்தது, நிறுத்த முடியவில்லை. இரண்டு நாள் நித்திரை இல்லை என்று சொல்லலாம், துக்கம் சிலருக்கு அப்படித்தான் வரும் என்றும் சொல்லலாம். இரண்டையும் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மை அதுவல்ல. பகிடி கேட்டது, சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். என் முகம் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறதென்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. குனிந்து இடக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். தோள் இரண்டும் குலுங்கின. வலக்கை மவுஸில் இருந்தது.

தலையை நிமிர்த்தியபோது அங்கே சுகந்தி உடைந்துபோயிருந்தாள். "அண்ணை, அழாதேங்கோ அண்ணை! ஐயோ அப்பா, அண்ணை குலுங்கிக் குலுங்கி அழுறாரப்பா, பாருங்கோ!" என்று பெட்டியின்மேல் விழுந்து குழறினாள். சுற்றி நின்ற நாலைந்து பேரும் தொலைக்காட்சியைப் பார்த்துக் குழறினார்கள். வீடியோக்காரர் கமராவை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

நான் திரும்பினேன். ஆரணி கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருப்பேன். அதற்குள் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி ஒரு விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். நான் குரலைத் திறந்து, "வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்" என்று பதில் சொன்னேன்.

4

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எங்கள் ஊர்களில் இறந்தவரின் பேரில் கல்வெட்டு என்று ஒரு சிறு நூல் அச்சிட்டுக் கொடுப்பது வழக்கம். அவருடைய வரலாறு, குடும்பப் படம், தேவாரம், அதோடு பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று செய்யுள்கள் இருக்கும். புலம்புகிறவர் எழுதுவதில்லை. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் யாராவது வீட்டாரிடம் விபரம் கேட்டு எழுதித் தருவார். சுகந்தி விபரம் கொடுத்திருக்கிறாள். 'மகன் புலம்பல்' என்ற தலைப்பின் கீழே இப்படி இருந்தது:

கடல்கடந்து போனமகன் காலன்வந்த வேளையிலே
உடல்தொட்டுக் கதறிடவே ஊழ்விதியும் விடவில்லை
திரைமுன்னே தலைகுனிந்து தேம்பியழு தேனப்பா
கரையில்லாத் துயரத்தைக் கையாலே மறைத்தேனே

எதிர்ப்பக்கத்தில் வீடியோவிலிருந்து எடுத்த படம். முகத்தைப் பொத்தியபடி குனிந்திருக்கிறேன். வாத்தியார் எழுதியதில் கடைசிச் சொல் ஒன்றுதான் உண்மை.

தபாலில் இரண்டு பிரதி வந்தது. இரண்டையும் மேசை லாச்சியில் பழைய வரிக் கடிதங்களுக்கு அடியில் வைத்தேன். மஞ்சு கேட்டபோது வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மகள் கண்ணில் படவே கூடாது என்பதில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருந்தேன்.

சுகந்தி அந்த நாளை மறக்கவில்லை. அவளைத் தேடி யார் வந்தாலும், யாரோடு தொலைபேசினாலும் அந்தக் கதை வரும். "அண்ணையைக் கல்லு மாதிரி எண்டு சொல்லுறவை. அண்டைக்கு நீங்கள் பாத்திருக்க வேணும்." சில வேளை நானும் இணைப்பில் இருக்கும்போதே சொல்லுவாள். நான் "ம்" என்பேன். ஐந்து வருடத்தில் எத்தனை "ம்" சொல்லியிருப்பேனோ தெரியாது.

கந்தோருக்குத் திரும்பிப் போகாததற்கு முதுகு நோவை நான் காரணமாகச் சொன்னேனே, அதையும் இங்கே திருத்திவிடுகிறேன். வீட்டு மேசையில் எவரும் என் முகத்தை நேருக்கு நேரே பார்த்து ஒன்றும் கேட்கப்போவதில்லை. முகம் வேண்டுமென்றால் காட்டலாம், வேண்டாமென்றால் மறைக்கலாம். அதைப்போல வசதி எந்தக் கந்தோரில் கிடைக்கும்?

5

இந்த வருடத் திவசத்துக்கு வாருங்கள் என்று சுகந்தி கட்டாயப்படுத்தினாள். மஞ்சுவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் பதினாறு வயது ஆரணியும் போனோம். ஒரு கிழமை லீவு, அடுத்த கிழமை அங்கிருந்தே வேலை என்று மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். திவசம் இரண்டாவது கிழமையில் வந்தது. அந்த ஒரு நாளுக்காவது லீவைத் தள்ளிப் போட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. நோர்வேயில் எட்டு மணியாகும்போது ஊரில் பதினொன்றரை, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்தேன்.

என்னைவிட நன்றாகக் கணக்குப் பார்த்தவள் சுகந்தி. அப்பாவின் அறையைத் திறந்து காட்டினாள். கட்டிலைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புது மேசை போட்டிருந்தாள். மேசைமேல் காற்றாடி, பக்கத்தில் சிவம் அலைந்து திரிந்து வாங்கிவந்த இணையப் பெட்டி. மேலே மாலை போட்ட அப்பாவின் படம்.

"உதுதான் உங்கடை கந்தோர், அண்ணை. ஆரும் கரைச்சல் தரமாட்டினம்" என்றாள். அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்துவிட்டு வேலைக் கணினியை அந்த மேசையில் வைத்தேன். கால் கழுவாமல் தன் வீட்டுக்குள் வராத மனிதரின் அறையில், அவர் படத்துக்குக் கீழே, கந்தோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

திவசத்தன்று ஐயரை விடிய ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தாள். "அண்ணைக்குப் பதினொண்டரைக்குக் கந்தோர் தொடங்கும் ஐயா. அதுக்கு முதல் முடிச்சுத் தாங்கோ" என்று என் காதுபடச் சொன்னாள். ஐயரும் மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினார். பிண்டம் வைத்தேன், எள்ளும் தண்ணீரும் இறைத்தேன், பதினொன்றரைக்குச் சேட்டை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே உறவுக்காரர்களுக்கு வாழையிலை போட்டார்கள். "சத்தம் போடாதேங்கோ, அண்ணை கந்தோரிலை" என்று சுகந்தி ஒவ்வொருவருக்கும் சொல்வது கேட்டது. அப்பாவின் திவசத்துக்கு வந்த சனம் அப்பாவின் வீட்டில் குசுகுசுத்தபடி சாப்பிட்டது.

இரண்டு மணிபோல இடைவேளைக்கு வெளியே வந்தேன். விறாந்தையில் ஆரணியைப் பக்கத்தில் இருத்தி, கையில் கல்வெட்டைக் கொடுத்திருந்தாள் சுகந்தி. சுற்றி நாலைந்து உறவுக்காரர்.

"எங்கடை பிள்ளை நோர்வேயிலை பிறந்து வளர்ந்தும் எப்பிடித் தமிழ் வாசிக்குது பாருங்கோ. வாசி பிள்ளை, அப்பா அப்பப்பாக்குப் புலம்பினது."

ஆரணி வரியில் விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரி போயிற்று. மூன்றாவது வரியில் 'திரைமுன்னே தலைகுனிந்து' என்றுவிட்டு நின்றாள். எதிர்ப்பக்கத்துப் படத்தைப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"வாசி பிள்ளை, அதுதான் முக்கியமான இடம்."

"எனக்கு இந்தச் சொல்லு வாசிக்கத் தெரியாது மாமி."

முதல்நாள்தான் சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்வந்தோம். கடைப் பலகை, பஸ்ஸின் முதுகு, மதிலில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல் என்று ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டு வந்தவள் அவள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சுகந்தி கல்வெட்டை வாங்கி அந்த வரியைத் தானே வாசித்தாள். வாசிக்கும்போதே அவள் கண் நிறைந்தது.

இரவு வேலை முடிந்ததும் ஆரணியைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனேன். கரையில் இழுத்து வைத்திருந்த வள்ளங்களைத் தாண்டி நடந்தோம். "ஏன் பிள்ளை தெரியாதெண்டு சொன்னனி?" என்று கேட்டேன்.

"வாசிக்க விருப்பமில்லை. அது பொய்." பிறகு ஒரு பெரிய மனுசி மாதிரிச் சொன்னாள்: "நான் மாமிக்குச் சொல்லேல்லை. பயப்பிடாதேங்கோ."

பயப்பிடாதேங்கோ என்று என் பிள்ளை எனக்குச் சொன்னாள். பதினொரு வயதிலிருந்து எனக்காக அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள், இன்றைக்கு எனக்காக ஒரு பொய்யும் சொல்லிவிட்டாள். அவள் என்னிடமிருந்து விலகிப் போகிறாள், வாய் திறந்து கதைப்பதில்லை, இந்த நாட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் என்று மஞ்சுவிடம் எத்தனை தரம் முறைப்பட்டிருப்பேன். அவள் கதைக்காமல் இருந்தது எதை என்று எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

6

அடுத்தநாள் காலை பதினொரு மணியிருக்கும். சுகந்தி கிணற்றடியில் இருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சரிந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி. நான் பக்கத்தில் குந்தினேன்.

"சுகந்தி, நான் அண்டைக்கு அழேல்லை."

"எண்டைக்கு?"

"அப்பான்ரை செத்தவீட்டிலை. எனக்கு அந்த நேரம் வேலைக் கூட்டமும் நடந்தது. மற்றத் திரையிலை. ஆரோ பகிடி விட்டவை. நான் சிரிச்சனான். நீங்கள் கண்டிடுவியள் எண்டு இடக்கையாலை முகத்தைப் பொத்தினனான். வலக்கை மவுஸிலை இருந்தது."

அவள் நிமிரவில்லை. ஒரு இறாலை உடைத்தாள், நரம்பை இழுத்தாள், சட்டியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். நான் மன்னிப்பு என்ற சொல்லை வாய்வரை கொண்டுவந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்டைக்கு எனக்கு அழுகை வரேல்லை அண்ணை. ரெண்டு நாளா ஒரு சொட்டு வரேல்லை. பெத்த தேப்பன் கிடக்கிறார், இவள் மரம் மாதிரி நிக்கிறாள் எண்டு சனம் நினைக்கும் எண்டு பயந்துகொண்டு நிண்டனான். நீங்கள் அழுததைக் கண்டாப் பிறகுதான் எனக்கு வந்தது." கையிலிருந்த இறாலை உடைக்காமலே சட்டியில் போட்டாள். "அப்பாக்கு நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிட்டம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். நான் தனியத்தான் அழுதிருக்கிறன்."

இன்னொரு இறாலை எடுத்துக்கொண்டு கேட்டாள்:

"என்ன பகிடி?"

"என்ன?"

"நீங்கள் சிரிச்ச பகிடி. என்னெண்டு சொல்லுங்கோவன்."

யோசித்தேன். மெய்யாகவே யோசித்தேன். யார் சொன்னது, எதைப் பற்றி, ஒரு சொல்லாவது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன் என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது, பகிடி ஞாபகம் இல்லை.

"மறந்து போச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினாள். "நேரமாகுது அண்ணை. உங்கடை கந்தோருக்குப் போங்கோ" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அறைக்குள் போய்க் கணினியைத் திறந்தேன். வேலை செய்யவில்லை, லீவுக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில் 'பெற்றோரின் மரணம்' என்பதைத் தெரிவு செய்தேன். இறந்த திகதியைக் கேட்டது. உண்மையான திகதியைக் கொடுத்தேன். கோரிக்கைக்கான காலம் முடிவடைந்துவிட்டது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா மேலே படத்தில் இருந்தார். ஐந்து வருடம் பிந்தி அப்போதுதான் அழுதேன். கதவு சாத்தியிருந்தது, கந்தோரில் இருக்கிறேன் என்று ஒருவரும் வந்து தட்டவில்லை.

7

ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று அடையாளமிட்டு அனுப்பிவிட்டேன். மறுநாளே பதில் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து நான் கந்தோருக்குப் போகவேண்டும். ஆரணி மேசையின் ஒரு முனையையும் நான் மறுமுனையையும் பிடித்து, மஞ்சு உடுப்புத் தோய்க்கிற நிலவறைக்கு இறக்கினோம். லாச்சியில் கிடந்த கல்வெட்டை ஆரணி எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லிவிட்டேன் என்றேன். "தெரியும், மாமி சொன்னவ" என்றாள். அவர்கள் இருவரும் கதைத்திருக்கிறார்கள். என்ன கதைத்தார்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை.

ஊரிலிருந்து வந்த பிறகு சுகந்தி என்னோடு கதைக்கவில்லை. நான் அழைத்தால் சிவம் எடுப்பார். அவள் குளிக்கிறாள், கோயிலுக்குப் போய்விட்டாள், படுத்துவிட்டாள் என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஒவ்வொரு தரமும் தடுமாறுவார். என்னால் அந்த வீட்டில் இன்னொரு ஆளும் பொய் சொல்லப் பழகுகிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவளே அழைத்தாள். குசினியில் சீனிப் பேணியோடு தொலைபேசியைச் சாத்தி வைத்துவிட்டு எடுத்தேன். அவள் முகம் தெரிந்தது.

"வேலையிலையோ நிக்கிறியள்?"

"இல்லை. இண்டைக்கு ஞாயிறு."

"வேறை ஒண்டும் திறந்து வைச்சிருக்கிறியளோ?"

"இல்லைப் பிள்ளை."

அவள் என்னை நம்பவில்லை. நம்ப வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

"ரெண்டு கையையும் காட்டுங்கோ."

காட்டினேன். நாற்பத்தொன்பது வயதில், உள்ளங்கை இரண்டும் அவள் பக்கம் தெரிய, தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். அவள் ஒவ்வொன்றாக இரண்டையும் பார்த்தாள்.

"அப்பிடியே வைச்சிருங்கோ" என்றுவிட்டு, கதைக்கத் தொடங்கினாள்.